தண்ணீர் மறுத்தவள்

இராக்கம்மாவுக்கு இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை. அறுபத்தெட்டாம் வருஷம், மாட்டுப்பொங்கலன்று, ரொட்டி கருகிப் போயிற்று என்று அவள் புருஷன் மாடசாமி விட்ட ஒரே அறையில் போன காது அது. முதலில் ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் பஞ்சைத் திணித்துவிட்டு, "கதவுல இடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நம்மாட்கள் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுகிற லட்சணம் இதுதான். தூ!

நமுனுகுல மலையில், பசறையைப் பார்த்த சரிவில் அந்தத் தோட்டம். பெயர் வேண்டாம். இந்தக் கதையில் அடித்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நானும் அந்தப் பாதையால் போய்வர வேண்டியவன்.

மாடசாமிக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பெரிய சக்கரம் சுற்றுகிற ரோதைப் பக்கம் அவன் நிற்பான். வாட்டசாட்டமான ஆள், ஒன்றரை ஆள் தூக்குகிற பெட்டியைத் தனியாகத் தூக்குவான். இராக்கம்மா கொழுந்து பறிப்பவள். மலையில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஒரு நாள் கெட்ட வார்த்தை சொல்லி ஏசிய கணக்கப்பிள்ளையின் காலடியில் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, "வாயக் கழுவிக்கிட்டு வந்து பேசுங்க" என்று சொன்னவள் அவள். அப்பேர்ப்பட்டவள் சாயங்காலம் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து தன் காம்பரா அறையின் கதவைச் சாத்தினால் அடி வாங்குவாள். பன்னிரண்டு வருஷம் வாங்கினாள். இரண்டு தடவை வயிற்றிலே தரித்தது; இரண்டு தடவையும் உதையில் போயிற்று. அதற்கப்புறம் தரிக்கவில்லை.

பீலியடியில், மலைத்தண்ணீர் குழாயால் விழுகிற இடத்தில், குடம் நிறைகிறவரை நின்றுகொண்டு, இந்த மனுஷன் செத்துத் தொலைய மாட்டானா என்று அவள் நினைத்த நாட்கள் உண்டு. ஒன்றிரண்டு நாட்களல்ல. அதை நான் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் பிற்பாடு அவளே அதை மறைக்கவில்லை.

எழுபத்தெட்டு கடைசியில் மாடசாமியின் கழுத்தில் நெறி கட்டியது. ஒன்று, இரண்டு, பிறகு கோழிமுட்டை அளவுக்கு நாலைந்து. அக்குளிலும் கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் ஒரு கட்டியை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, ஒரு தடவை வந்து நரம்பில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஐந்து நாளைக்கு மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். மருந்து கொடுத்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆயா இரண்டு விஷயம் சொன்னாள். "மாத்திர போடுற அஞ்சு நாளும் தண்ணி நல்லாக் குடிக்கணும், இல்லாட்டி மூத்திரப்பை புண்ணாயிரும். தலவலி, மயக்கம், மூத்திரம் கொறையிறது, இப்படி ஏதாச்சும் வந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்."

முதலாவது விஷயம் இராக்கம்மாவின் மனதில் நின்றது. இரண்டாவது நிற்கவில்லை. ரயிலில் பதுளை வந்து இறங்குவதற்குள் போய்விட்டது.

ஊசி வேலை செய்தது, சும்மா சொல்லக் கூடாது. முதல் தடவையிலேயே கட்டிகள் வற்றத் தொடங்கின. ஆனால் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாயெல்லாம் புண். உள்ளங்கால் எரிச்சல். லயத்தில் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது: மருந்து சூடு. உடம்பைக் கொதிக்க வைக்கிற மருந்து. மயிர் கொட்டுவதும் வாய் வேகுவதும் வேறு எதனால்? நானும் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆகவே யாரையும் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மாடசாமியின் அண்ணன் ரெங்கசாமி அந்தத் தோட்டத்தில் கங்காணி. மீசையும் கைத்தடியுமாக லயத்துக்கே நாட்டாமை பண்ணுகிற ஆள். அவன் வந்து இஸ்தோப்பில், அதாவது லயத்து வாசல் விறாந்தையில், உட்கார்ந்து உத்தரவு போட்டான்.

"இந்தா பாரு இராக்கம்மா. கடுமையான மருந்துக்குக் கடுமையான பத்தியம் இருக்கணும். உப்புக் கூடாது, புளி கூடாது. ஒரு கல்லு உப்பு உள்ள போச்சுன்னாலும் மருந்து முறிஞ்சிரும். சூட்ட எறக்கணும், தண்ணியாக் குடு. என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பாசத்தினாலா என்று கேட்காதீர்கள். பாசமெல்லாம் காதோடு போயிற்று. அவளுடைய வைராக்கியம் வேறு. இத்தனை வருஷம் அடி வாங்கியவள் கவனிக்காமல் விட்டுத்தான் இவன் செத்தான் என்று ஒருத்தர் வாயில் வரக் கூடாது. இவனைப் பிழைக்க வைத்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்காக அவள் சட்டியை மாற்றினாள், அடுப்பை மாற்றினாள், உப்புப் பரணியைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காம்பரா மாரியாயியிடம் கொடுத்துவிட்டாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத பருப்புத் தண்ணி. காலையில் நீராகாரம் ஒரு செம்பு, பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன் சீரகத் தண்ணி ஒரு செம்பு, மத்தியானம் ஓடிவந்து ஒரு செம்பு, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து இரண்டு செம்பு. ஐந்து நாளைக்குச் சொன்னதை அவள் மூன்று கிழமையும் செய்தாள்.

மாடசாமி குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்புவான். அவள் பிடரியைப் பிடித்துச் செம்பை வாயில் வைப்பாள். "குடிங்க. முழுசாக் குடிங்க. நிப்பாட்டாதீங்க." அவனும் குடிப்பான். நோயில் கிடக்கிறவன், வேறென்ன செய்வான்? கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவள் சொல்லி அவன் கேட்டது அந்த நாட்களில்தான். அதிலே அவளுக்கு ஒரு ருசி இருந்தது. இதையும் அவளே பிறகு சொன்னாள்.

மூன்றாவது ஊசி முடிந்து வந்தது எழுபத்தொன்பது மார்ச்சில். இந்தத் தடவை மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். திரும்பி வந்த நாலாம் நாள் அவனுக்குத் தலைவலி பிடித்தது. மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்கிற வலி. ஐந்தாம் நாள் வாந்தி. செம்பு செம்பாகத் தண்ணீர் உள்ளே போயிற்று, ஆனால் நாள் முழுக்க அரைக் கோப்பைதான் சிறுநீர் போனான், அதுவும் தேயிலைச் சாயம்போல. சூடு மண்டைக்கு ஏறிவிட்டது என்றான் ரெங்கசாமி. பசறையிலிருந்து நாலு இளநீர் வரவழைத்தான். இராக்கம்மா ஐந்து செம்பை ஒன்பதாக்கினாள்.

ஆறாம் நாள் காலை, அவள் கஞ்சியோடு கிட்டப் போனபோது மாடசாமி அவளை அடித்தான்.

நெஞ்சில் விழுந்த அடியில் அவள் அடுப்படியில் போய் விழுந்தாள். கஞ்சி முகத்தில் கொட்டியது. அதோடு அவன் விடவில்லை. சுவரை அடித்தான், கதவை அடித்தான், தொங்கிய லாம்பை அடித்து நொறுக்கினான், கண்ணாடி குத்திய கையால் தன் தொடையையே அடித்தான். பல் நறநறவென்று கடிபட்டது. கண் எங்கேயோ பார்த்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாரியாயி, "அடப்பாவி! சாகக் கெடக்குறப்பவும் கை சும்மா இருக்குதா பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இராக்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இல்லக்கா. இது அவரு அடி இல்ல" என்றாள்.

"என்னடி பேசுற நீ?"

"அவரு அடி எனக்குத் தெரியாதா? அடிக்கிறதுக்கு முந்தி என்னயப் பெத்தவள இழுத்து நாலு வார்த்த வையணும். கதவச் சாத்தணும். என் மூஞ்சியப் பாத்து, எங்க விழணும்னு பாத்துத்தான் அடிப்பாரு. இவரு என்னயப் பாக்கவே இல்ல. நான் யாருன்னே தெரியல. இது என்னமோ வியாதிக்கா."

ஒரு டாக்டர் படித்துத் தெரிந்துகொள்வதை அவள் அடி வாங்கித் தெரிந்துகொண்டாள். சரியாகத்தான் சொன்னாள். யார் கேட்டார்கள்?

ரெங்கசாமிக்கு விளங்கியது வேறு. ஸ்டோரில் ரோதைப் பக்கத்தில் காவலிருக்கிற ரோதமுனிக்கு வருஷா வருஷம் சேவல் அறுப்பார்கள். நோயில் கிடந்ததால் அந்த வருஷம் மாடசாமி அறுக்கவில்லை. ஆகவே முனி அடித்துவிட்டது. தோட்டத்தின் அடுத்த பிரிவிலிருந்த பேயோட்டுகிற கோடாங்கி இராசையாவுக்கு ஆள் போயிற்று. உச்சிப்பொழுதுக்குள் இராசையா உடுக்கையோடு வந்து சேர்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் மாமா. காலுல விழுறேன்" என்று இராக்கம்மா ரெங்கசாமியின் காலைப் பிடித்தாள்.

"முனி புடிச்சவனுக்கு ஊசி போட்டா ரத்தம் கக்கிச் செத்துருவான். ஒதுங்கு."

மாடசாமியை இஸ்தோப்புத் தூணில் கட்டினார்கள். நாலு பேர் வேண்டியிருந்தது. சட்டையைக் கழற்றினார்கள். மருந்தில் இளைத்து விலா எலும்பு தெரிகிற உடம்பு. கோடாங்கி பச்சைத் தேயிலை மிலாறு ஒரு கட்டு கேட்டான். கவ்வாத்து வெட்டி விழுந்த கிளைகள், முள்ளில்லை என்றாலும் கணு நிறைந்தவை. உடுக்கையை அடித்துக் கொண்டே வந்து, முதல் வீச்சை முதுகில் போட்டான்.

"யாருடா நீ? சொல்லு! ரோதமுனியா, வேற ஆளா? சொல்றியா, தோல உரிக்கட்டுமா?"

மாடசாமியின் வாயிலிருந்து நுரையும் தண்ணீரும் வந்தன. பேச்சு வரவில்லை. மிலாறு மறுபடி இறங்கியது. தோல் கிழிந்து ரத்தம் கோடு கோடாக வடிந்தது. லயத்து ஆட்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். "போட்டுப் பேச வையுங்க கோடாங்கி!" என்று எவனோ உற்சாகம் வேறு கொடுத்தான். அவன் நாசமாய்ப் போக.

"கொதிச்சுப் போய் நிக்குது. குளுர வச்சாத்தான் எறங்கும்" என்றான் இராசையா. பீலியிலிருந்து மஞ்சள் கரைத்த குடங்கள் வந்தன. இரண்டு குடம் தலையில் ஊற்றினார்கள். பிறகு ஒருவன் மூக்கைப் பிடிக்க, ஒருவன் தாடையைப் பிளக்க, ரெங்கசாமியே செம்பால் மொண்டு தொண்டைக்குள் ஊற்றினான். ஒரு செம்பு. இரண்டு செம்பு. மாடசாமி விழுங்கினான், புரையேறினான், மறுபடி விழுங்கினான். மூன்றாவது செம்புக்கு இராக்கம்மாவால் பொறுக்க முடியவில்லை.

அவள் பாய்ந்தாள். ரெங்கசாமி கொண்டையைப் பிடித்துச் சுழற்றி இழுத்தான். அவள் திரும்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சதை பெயர்ந்து வாயோடு வந்தது. அவன் "ஐயோ!" என்று விட்டதும், கீழே கிடந்த மிலாற்றுக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கோடாங்கியின் நெற்றியில் போட்டாள் ஒரு போடு. இராசையா உடுக்கையோடு படியில் உருண்டான். இன்னொரு தடவை போட்டாள். பன்னிரண்டு வருஷத்துக் கோபம் அது, விலாசம் தப்பி அவன் நெற்றிக்குப் போயிற்று. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அப்போதுதான் மாடசாமிக்கு வலிப்பு வந்தது. கட்டியிருந்த கயிறு விம்மியது. கழுத்து பின்னால் ஒடிவதுபோல வளைந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் பின்வாங்கியது. முனி தங்கள் மேல் பாய்ந்துவிடும் என்ற பயம்.

பசறையில் கடை வைத்திருந்த மொஹிதீன் நானா, மா மூட்டை இறக்கத் தன் வேனில் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! மனிசனச் சாகடிச்சுப் போட்டீங்களே! கயித்த அவுறுங்க. ஏத்துங்க புள்ள வேன்ல, பேச்செல்லாம் பொறகு."

கயிற்றை அறுத்தவள் இராக்கம்மா. தூக்கிக் கொடுத்தவள் மாரியாயி. வேறு ஒருவரும் கை வைக்கவில்லை.

பசறையிலிருந்து பதுளைக்கு எத்தனை வளைவு என்று பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அந்த வளைவுகளில் அவனுக்கு இன்னும் இரண்டு தடவை வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்கிறானே என்று அவள் தன் விரலை உள்ளே விட்டாள். அவன் பல் எலும்புவரை இறங்கியது. விரலை அவள் இழுக்கவில்லை. "செத்துராதீங்க, செத்துராதீங்க, இப்பச் செத்துராதீங்க" என்று பதுளை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று வார்டில் இருந்தவர் டாக்டர் ஷுக்ரி. சின்ன வயது, நம்ம பாஷை பேசுகிறவர். வலிப்பை நிறுத்த ஊசி போட்டார், ரத்தம் எடுத்து அனுப்பினார், கொழும்புத் துண்டை வாங்கிப் படித்தார். முதுகைப் பார்த்தார். பிறகு, "என்ன சாப்பாடு குடுத்தீங்க? தண்ணி எவ்வளவு குடிச்சாரு?" என்று கேட்டார்.

இராக்கம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள். ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. உப்பு ஒரு கல் காட்டவில்லை. நீராகாரம், சீரகத் தண்ணி, இளநீர், எல்லாம் சேர்த்து ஒன்பது செம்பு. அவர் வேண்டாம் என்றாலும் விடாமல் பிடரியைப் பிடித்துக் குடிக்க வைத்தது. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். கடைசிச் செம்பைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"இருங்க அம்மா" என்று பெஞ்சைக் காட்டினார். "கொழும்புல சொன்னது சரி. அந்த மாத்திரைக்குத் தண்ணி வேணும், அஞ்சு நாளைக்கு, அளவோட. ஆனா அந்த ஊசி மருந்து இருக்கே, அது சில பேருக்கு வேறொண்டு செய்யும். மூளையில இருந்து ஒடம்புக்கு ஒரு கட்டளை போகும், தண்ணிய வெளிய விடாதேண்டு. சிறுநீரகம் அதக் கேட்டுக்கொண்டு தண்ணியப் பிடிச்சு வச்சிரும். நீங்க ஊத்தின தண்ணி உள்ளுக்கே நிண்டு போச்சு. உப்பும் குடுக்கல்ல. கஞ்சியில தண்ணி கூடினா உப்புச் சப்பில்லாமப் போகுதே, அந்த மாதிரி ரத்தத்தில உப்புக் கொறைஞ்சு போச்சு. மூளை தண்ணிய இழுத்து வீங்கிட்டுது. தலைவலி, வாந்தி, ஆள் தெரியாம அடிச்சது, வலிப்பு, எல்லாம் அதுதான்."

"கால் வீங்கலையே ஐயா?"

"இது வெளிய வீங்காது. அதுதான் இதுல உள்ள மோசம்."

"அப்ப நான் குடுத்த தண்ணியா?"

அவர் பொய் சொல்லவில்லை. "மருந்தும் தண்ணியும் சேர்ந்து" என்றார். "இப்ப உப்புத் தண்ணி நரம்பால ஏத்துறோம், மெதுமெதுவா. வாய்க்கு நாளைக்கு மூணு கோப்பைதான். தேத்தண்ணி, கஞ்சி எல்லாம் அந்த மூணுக்குள்ள. அதுக்கு மேல ஒரு மடக்குப் போனாலும் திரும்ப வலிப்பு வரும். அடுத்த வலிப்பில ஆள் மிஞ்ச மாட்டாரு. வார்டில நாப்பது பேர், நர்ஸ் மிஸ்ஸி ரெண்டு பேர்தான். நீங்கதான் காவல்."

மறுநாள் காலை பஸ்ஸில் ரெங்கசாமி வந்தான். மணிக்கட்டில் கட்டு. டாக்டரிடம் விவரம் கேட்டுவிட்டு வெளியே வந்தவன், நடைபாதையில், ஆட்கள் போய்வருகிற இடத்தில் அவள் கன்னத்தில் அறைந்தான். சுவரோடு சாய்த்துக் கழுத்தைப் பிடித்தான்.

"பன்னண்டு வருஷமா வாங்குனதுக்குத் தண்ணியக் குடுத்தே கணக்குத் தீத்துட்டியாடி, சண்டாளி! பத்தியம்னு நான் சொன்னா, நீ கொல்றதுக்கா குடுத்த?"

தானே இரண்டு செம்பு ஊற்றியதை அந்த மகராசன் மறந்துவிட்டான். அவள் அதைக் கேட்டிருக்கலாம். மணிக்கட்டைக் கடித்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? ஆனால் அவள் வாய் திறக்கவில்லை, கையும் தூக்கவில்லை. ஏனென்றால் அவன் கேட்ட கேள்வியை அவள் நேற்றிலிருந்து தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். பீலியடியில் நின்று இவன் சாக வேண்டும் என்று நினைத்தவள் நான்தானே? பிடரியை அழுத்தும்போது ருசித்ததும் எனக்குத்தானே? எனக்குத் தெரியாமல் என் கை தெரிந்து செய்ததோ? ஓடிவந்த ஆஸ்பத்திரி ஆட்கள் ரெங்கசாமியை இழுத்து வெளியே விட்டார்கள். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு கட்டிலடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மாடசாமி கண் திறந்தான். ஆள் இன்னும் தெளியவில்லை. வாய் மட்டும் அசைந்தது: "தண்ணி." பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். அவன் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்தான். பிடுங்கிக்கொண்டாள். "தண்ணி, தண்ணி" என்று கத்தினான். வாய்ப் புண்ணில் நாக்கு ஒட்டிக்கொண்டு சொல் பாதிதான் வந்தது. ஊசி ஏறுகிற கையை உதறினான். அவள் அந்தக் கையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறு கையைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். கால் மணிக்கு ஒரு தடவை இதுவே நடந்தது. வார்டே அவளைப் பார்த்தது.

பக்கத்துக் கட்டிலில் பண்டாரவளைக் கடைக்காரர் இப்றாஹீம் என்ற வயதாளி. இரக்கமுள்ள மனுஷன். அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, உனக்கு ஈரல் எண்டு ஒண்டு இல்லையா? தண்ணி கேக்கிற மனிசனுக்கு இல்லையெண்டு சொல்லுறதா? படைச்ச ரப்பு கேப்பான் உன்னட்ட" என்று சொல்லிக்கொண்டே தன் கிளாஸைக் கொண்டுவந்து மாடசாமியின் வாயில் வைத்தார்.

அவள் தட்டிவிட்டாள். கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது. அந்தப் பெரியவரின் கையிலும் அடி பட்டது. சிந்திய தண்ணீரைப் பார்த்து மாடசாமி கட்டிலிலிருந்து பாய்ந்தான். ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் தெறித்தது. உடைந்த கண்ணாடிக்கு மேல் குப்புற விழுந்து தரையை நக்கப் போனான். அவள் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று அலறினாள். மிலாற்றுக் காயங்கள் வெடித்து அவள் சேலையெல்லாம் ரத்தம். "பேய்", "ராட்சசி", "புருஷனா, எதிரியா?" என்று கட்டிலுக்குக் கட்டில் ஏசினார்கள். அவள் அழுதாள், ஆனால் தலையை விடவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் டாக்டர் ரத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "உப்பு ஏறி வருது. ஆனா இன்னும் ரெண்டு நாள் அதே மூணு கோப்பைதான். இப்ப விட்டா எல்லாம் பாழ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மாடசாமி விழித்தான். இந்தத் தடவை கண் அவள் முகத்தில் நின்றது. வார்டைப் பார்த்தான், கையிலே ஏறுகிற குழாயைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"இராக்கம்மா" என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. "ஆமாங்க. நான்தாங்க" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"முதுகு ஏன் எரியுது?"

"அண்ணன் கோடாங்கியக் கூட்டியாந்தாரு. தூணுல கட்டி மிலாத்தால அடிச்சாங்க."

"நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

"கொஞ்ச நேரம் நின்னேன்" என்றாள்.

"தண்ணி குடு."

"குடுக்க மாட்டேங்க. ஆறு மணிக்குத்தான். இப்பக் குடுத்தா வலிப்பு வந்து செத்துருவீங்க. அந்த ஊசி மருந்து தண்ணிய உள்ளயே தேக்கி வச்சிருதாம். நான் அத்தன நாளும் செம்பு செம்பாக் குடுத்ததாலதான் இப்படி ஆச்சாம்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதில் அவனுக்கு ஏறியது ஒன்றுதான்: முன்னே குடிக்க வைத்தவள், இப்போது குடிக்கத் தர மாட்டேன் என்கிறாள். முகம் கறுத்தது. குழாய் இல்லாத கை முறுக்கிக்கொண்டு மேலே எழும்பியது. ஓங்கிய கை ஓங்கிய கைதான். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறவன் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் அந்தக் கைக்குத்தான் அனுப்பினான், பாருங்கள்.

"பழி வாங்குறியாடி?" என்றான். "கட்டில்ல போட்டு, கை கால முடக்கி, தண்ணி குடுக்காமப் பழி வாங்குறியா?"

இராக்கம்மா விலகவில்லை. இரண்டு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அது. அவன் வாயால் அது வந்த கணத்தில் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கட்டிலுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், வார்டுக்குப் பொதுவான தண்ணீர்ப் பானை இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பழி வாங்கணும்னா எனக்கு என்னங்க கஷ்டம்?" என்றாள். "அந்தா பான இருக்கு. ஒரு செம்பு மொண்டு குடுத்தாப் போதும். நீங்களே கேட்டுக் குடிப்பீங்க. ஆசயாக் குடிப்பீங்க. ஒருத்தரும் என்னய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, புண்ணியவதின்னுதான் சொல்லுவாங்க. மூணு நாளா நான் குடுக்கல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணவனுக்குச் சாப்பாடு வைக்கிற குரலில்தான் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இப்றாஹீம் எழுந்து உட்கார்ந்தவர், மறுபடி படுத்துக்கொண்டார்.

மாடசாமியின் கை அந்தரத்திலேயே நின்றது. அவன் பானையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை தானாக இறங்கியது.

ஆறு மணிக்கு மிஸ்ஸி அரைக் கோப்பைத் தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டுப் போனாள். இராக்கம்மா அதை அவன் வாயருகே கொண்டுபோனாள். இரண்டு நாளாக அதற்குத்தான் கத்தினான், தரையை நக்கப் போனான். இப்போது வாயைத் திறக்கவில்லை. கோப்பையைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கடிபட்ட விரலைப் பார்த்தான், அவள் முகத்தில் எதையோ தேடினான். பயந்துவிட்டான்.

அவளைக் கண்டு அவன் பயந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"பயப்படாதீங்க" என்றாள். "இது அளந்த தண்ணிதான்."